இடிக்கு ஒரு வழி விடுவோம்

மதியம் மூன்று மணி தாண்டிவிட்டால், காஜாங்கில் வாடகை வீடெடுத்துப் படித்தவர்களின் கண் தானாகவே உலு லங்காட் மலைப் பக்கம் திரும்பும். காற்று நின்று போயிருக்கும். மேகம் கறுத்துக்கொண்டு வரும். காயப்போட்ட துணியை எடுக்க ஒருவர் ஓடுவார். கணினியின் பிளக்கைப் பிடுங்க இன்னொருவர் ஓடுவார். நம் பாட்டிமார்கள் இடி இடிக்கும்போது "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே வீட்டு வானொலியின் பிளக்கையும் பிடுங்கி வைத்தார்கள். அர்ச்சுனனின் பெயருக்கு இடி விலகுமா என்பதை அவரவர் நம்பிக்கைக்கே விட்டுவிடுவோம். பிளக்கைப் பிடுங்கிய பழக்கத்தை மட்டும் இன்றைய மின்பொறியியலும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று. இங்கே இடியோசை கேட்கும் நாள்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 எனக் கணக்கிடுகிறார்கள். பிரிட்டனின் பெரும்பகுதியில் இந்த எண்ணிக்கை 20க்கும் குறைவு. காரணம் நம் நில அமைப்பு. ஒரு பக்கம் மலாக்கா நீரிணை, மறுபக்கம் தித்திவங்சா மலைத்தொடர். வெயிலில் சூடேறிய நிலத்தை நோக்கிக் கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது; மலை அதை மேலே தள்ளுகிறது; மாலைக்குள் இடிமேகம் திரண்டுவிடுகிறது. பருவக்காற்று திசை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது உச்சத்தை அடைகிறது. நம் தீபாவளியும் இந்த இரண்டாவது உச்சத்தில்தான் வருகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

காஜாங்கிற்கும் மின்னலுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. தெனாகா நேஷனல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு காஜாங்கில்தான் அமைந்திருக்கிறது. மின்னல் விழும் இடங்களைக் கண்டறியும் வலையமைப்பு அதன் பொறுப்பில் உள்ளது. மின்னல் வெட்டும்போது வானொலியில் 'கரகர' என்று சத்தம் கேட்கிறதல்லவா? அதே அலைத்துடிப்பைப் பல ஊர்களில் வைத்திருக்கும் உணர்கருவிகள் பதிவு செய்கின்றன. எந்தக் கருவிக்கு எந்த நுண்நொடியில் வந்து சேர்ந்தது என்பதைக் கொண்டு மின்னல் விழுந்த இடத்தைக் கணக்கிடுகிறார்கள். தெனாகா நேஷனல் பல்கலைக்கழகமும் இதே காஜாங்கில்தான் இருக்கிறது. பக்கத்தில் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் மின்னல் ஆய்வுக்கென்றே ஒரு மையம் உண்டு. இத்தனை இருந்தும், இதே வட்டாரத்து வீடுகளில் ரூட்டர்களும் தொலைக்காட்சிகளும் தானியங்கி வாசற்கதவுகளும் மின்னலுக்குப் பலியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மின்னலுக்குப் பயந்து நாம் செய்யும் ஒரு தவறு, உயிரையே பறிக்கக்கூடியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வாடகை வீட்டின் கதை

நான் படித்த காலத்தில் காஜாங் சுங்கை சுவா பக்கம் ஒரு பழைய இணைவீட்டில் ஆறு பேர் தங்கியிருந்தோம். மழைக்காலத்தில் மின்னல் வெட்டினால் போதும், மெயின் சுவிட்சுப் பெட்டியில் 'டக்' என்று ஒரு சுவிட்சு கீழே விழும், வீடே இருண்டுவிடும். யாராவது நாற்காலி போட்டு ஏறி அதைத் தூக்கிவிட வேண்டும். ஒரு தீபாவளி விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, ஐஸ் பெட்டியில் இருந்த கோழியும் மீனும் அழுகி வீடெல்லாம் நாறியது. நாங்கள் போன அன்றே சுவிட்சு விழுந்திருக்கிறது. தூக்கிவிட ஆள் இல்லை.

அதன் பிறகு வீட்டுக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் அரை மணி நேரம் வேலை செய்தார். "இனி விழாது" என்றார். உண்மையில் அதன் பிறகு விழவே இல்லை. நாங்களும் மகிழ்ந்தோம். பல மாதம் கழித்து, வகுப்பில் மின்காப்புப் பாடம் நடந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்து அந்தச் சுவிட்சில் இருந்த சோதனைப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. தகுதி பெற்ற வயர்மேன் ஒருவர் வந்து பெட்டியைத் திறந்து காட்டினார். அந்தச் சுவிட்சைத் தொடாமலே மின்சாரம் வீட்டுக்குள் போகும்படி கம்பியை மாற்றிக் கட்டியிருந்தார்கள். சுவிட்சு பெட்டியில் பொம்மையாக உட்கார்ந்திருந்தது. அதே வீட்டுக் குளியலறையில் சுடுநீர்க் கருவி ஒன்று இருந்தது. ஆறு பேரும் அதில்தான் தினமும் குளித்தோம்.

அந்தச் சுவிட்சின் பெயர் ஈஎல்சிபி. மின்னலுக்கு அது ஏன் விழுகிறது, அதை ஏன் எடுக்கக் கூடாது, விழாமலிருக்க முறையாக என்ன செய்யலாம் என்பதெல்லாம் புரிய, முதலில் மின்னல் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மின்னல் வாசல் வழியாக வருவதில்லை

மின்னல் என்றாலே கூரையைப் பிளந்துகொண்டு விழும் என்றுதான் நாம் கற்பனை செய்கிறோம். அப்படி ஒரு வீட்டின் மேல் நேராக விழுவது அரிது. நம் கருவிகளைக் கெடுக்கும் மின்னல் பெரும்பாலும் எங்கோ தள்ளி விழுந்தது. கம்பிகள் வழியாக நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு மின்னல் வீச்சில் பாயும் மின்னோட்டம் சராசரியாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும்; அரிதாக 2,00,000 ஆம்பியரையும் தாண்டும். நம் வீட்டுச் சுவர் பிளக்கில் 13 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த மின்னோட்டம் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்குக்குள் பூச்சியத்திலிருந்து உச்சத்துக்கு ஏறிவிடுகிறது. அவ்வளவு வேகமாக ஏறும் மின்னோட்டத்தைச் சுற்றி வலுவான காந்தப்புலம் பிறக்கிறது. அந்தப் புலம் சில நூறு மீட்டர் தள்ளியுள்ள மின்கம்பிகளிலும் தொலைபேசிக் கம்பிகளிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தைத் தூண்டிவிடுகிறது. இப்படி ஒரு கணம் மட்டும் எழுந்து அடங்கும் மிகை அழுத்தத்தை மின்னெழுச்சி என்கிறோம். 'சர்ஜ்' என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான்.

மின்னெழுச்சி வீட்டுக்குள் நுழைய வழிகள் பல. முதலாவது, மின்சாரக் கம்பி. கம்பங்களில் தொங்கும் கம்பிகளால் மின்சாரம் பெறும் பழைய தாமான்களில் இது அதிகம். இரண்டாவது, செம்புத் தொலைபேசிக் கம்பி. ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் மழை பெய்த மறுநாள் மோடத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியவர்கள் முன்னாள் மாணவர்களுள் பலர் இருப்பார்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பைபர் இணைப்பு வந்த வீடுகளில் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. மூன்றாவது, கூரை மேல் நிற்கும் ஆண்டெனாவும் ஆஸ்ட்ரோ தட்டும். நான்காவது, வீட்டுக்கு வெளியே ஓடும் நம் சொந்தக் கம்பிகள்: தானியங்கி வாசற்கதவின் கம்பி, கண்காணிப்புக் கேமராவின் கம்பி, கூரைச் சூரியத் தகடுகளின் கம்பி. ஐந்தாவது வழி பலருக்குத் தெரியாது. அது தரை. பக்கத்தில் மின்னல் இறங்கினால் அந்த இடத்து மண்ணின் மின்னழுத்தமே உயர்ந்துவிடும்.

படகும் துறையும்

இங்கே ஒரு கேள்வி எழும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லையே, ஏன்? காக்கையின் இரண்டு கால்களும் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. அழுத்தம் எவ்வளவு உயரம் என்பது முக்கியமில்லை. இரண்டு இடங்களுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு என்பதுதான் முக்கியம்.

கடல் பொங்கும்போது, ஒன்றோடொன்று கட்டிய படகுகள் எல்லாம் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும், கயிற்றுக்குச் சேதமில்லை. ஒரு நுனியைப் படகிலும் மறு நுனியை அசையாத துறையிலும் இறுக்கிக் கட்டிய கயிறுதான் அறும். நம் ரூட்டர், தொலைக்காட்சி, வாசற்கதவின் மின்பலகை ஆகியவை அந்தக் கயிற்றைப் போன்றவை. ஒரு பக்கம் மின்சாரக் கம்பியிலும் மறுபக்கம் தொலைபேசி, ஆண்டெனா அல்லது வெளிக்கம்பியிலும் கட்டப்பட்டிருப்பவை. மின்னல் விழும் கணத்தில் ஒரு கம்பி பல ஆயிரம் வோல்ட் உயர்கிறது, மற்றது உயர்வதில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள கருவி அறுந்துபோகிறது. உள்ளே இருக்கும் சில்லுகள் சில வோல்ட் அழுத்தத்தில் வேலை செய்பவை. அவை எப்படித் தாங்கும்?

ஆகவே மின்னல் காப்பின் முதல் விதி இது: வீட்டுக்குள் வரும் எல்லாக் கம்பிகளுக்கும் ஒரே எர்த். அந்த எர்த்துக்குக் குறுகிய, நேரான, தடையில்லாத வழி. இடியைத் தடுத்து நிறுத்த எந்தக் கருவியாலும் முடியாது. அதற்கு ஒரு வழி விடத்தான் முடியும். வழி இல்லாத இடத்தில் எந்தக் கருவியை மாட்டினாலும் அது அலங்காரப் பொருள்தான்.

எர்த் இல்லாத இடிதாங்கி

இந்தப் பாடத்தை உலகம் ஓர் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றது. மின்னலும் மின்சாரமே என்று பெஞ்சமின் பிராங்கிளின் சொன்னதைச் சோதிக்க, 1752 மே மாதம் பிரான்சின் மார்லி என்ற ஊரில் உயரமான இரும்புக் கம்பி ஒன்றை நிறுத்தி, மேகத்திலிருந்து தீப்பொறியை வரவழைத்துக் காட்டினார்கள். மறு ஆண்டு, 1753இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஜார்ஜ் ரிச்மன் என்ற அறிஞர் கூரையிலிருந்து ஒரு கம்பியைத் தம் வீட்டுக்குள் கொண்டுவந்து, மின்சாரத்தின் அளவைப் பார்ப்பதற்காக அதைத் தரையோடு இணைக்காமல் விட்டிருந்தார். இடிமழை வந்தது. அளவு பார்க்கக் குனிந்தபோது கம்பியிலிருந்து அவர் நெற்றிக்கு மின்னல் பாய்ந்தது. அங்கேயே உயிர் பிரிந்தது. இடியை வரவேற்ற கம்பி, அது வெளியேற வழி விடவில்லை. ரிச்மனின் உடலே வழியாகிவிட்டது.

நம்மவர்களிடையே பரவலாகப் பேசப்படும் ஒரு கருத்தையும் இந்த இடத்தில் பார்க்கலாம். கோயில் கோபுரக் கலசங்கள் இடிதாங்கிகள். அதனால்தான் முன்னோர் செம்பில் செய்து உச்சியில் வைத்தார்கள் என்று மேடைகளில் கேட்கிறோம். கலசத்தின் சமய மதிப்பைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஆனால் பொறியியல் கண்ணோடு பார்த்தால், ஊரில் உயரமான இடத்தில் உள்ள உலோகம் மின்னலை ஏற்கும், அவ்வளவுதான். அங்கிருந்து தரைக்கு ஒரு கனத்த செம்புப் பட்டை இறங்கி மண்ணுக்குள் போகவில்லை என்றால், மின்னோட்டம் சுதையிலும் செங்கல்லிலும்தான் வழி தேடும். அவற்றில் ஊறிய ஈரம் ஒரே கணத்தில் ஆவியாகிச் சிற்பங்களைச் சிதறடிக்கும். கலசம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இடிதாங்கி வைக்காமல் விடுவது கோபுரத்துக்குச் செய்யும் தீங்கு. நம் ஊர்க் கோயில் நிருவாகங்களில் இருக்கும் இளைஞர்கள் இதைக் கூட்டத்தில் எழுப்ப வேண்டும்.

உயர்ந்த கட்டடங்களிலும் இதே மயக்கம் வேறு வடிவில் வந்தது. ஒரே ஒரு சிறப்புக் கம்பியை உச்சியில் நட்டால், அது முன்கூட்டியே மின்னலை இழுத்துப் பெரிய வட்டத்தையே காக்கும் என்ற விளம்பரத்தோடு சில இடிதாங்கிகள் விற்கப்பட்டன. இசட். ஏ. ஹார்த்தோனோ, ஐ. ரொபியா என்ற இரு மலேசிய ஆய்வாளர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் கட்டடங்களைப் பல ஆண்டுகள் படமெடுத்து ஒப்பிட்டனர். அத்தகைய கம்பி இருந்த கட்டடங்களிலும், காக்கப்பட்டதாகச் சொன்ன வட்டத்துக்குள்ளேயே, கூரையின் மூலைகளும் விளிம்புகளும் மின்னலால் பெயர்ந்திருந்ததை அவர்களின் படங்கள் காட்டின. மூலைகளிலும் விளிம்புகளிலும் கம்பி ஓட்டிப் பல இடங்களில் தரைக்கு இறக்கும் பழைய முறையையே ஐஇசி 62305 என்ற அனைத்துலகத் தரம் வலியுறுத்துகிறது; மலேசியாவும் அதைத் தன் தரமாக ஏற்றுள்ளது.

ஒன்றை மறக்கக் கூடாது. கூரையில் உள்ள இடிதாங்கி கட்டடத்தைத்தான் காக்கும். உள்ளே இருக்கும் கணினியைக் காப்பது அதன் வேலையன்று. அதற்கு வேறு காவலர் வேண்டும். அவரே மின்னெழுச்சிக் காப்பான்.

வீட்டு வாசலில் ஒரு காவலர்

மின்னெழுச்சிக் காப்பானின் உள்ளே பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடால் செய்த ஒரு சிறு வில்லை இருக்கும். சாதாரண அழுத்தத்தில் அது மின்சாரத்தைக் கடத்தாது. சுவர் போல் நிற்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் அதன் அலை உச்சம் 325 வோல்ட் வரை போகும். ஏறக்குறைய 400 வோல்ட்டைத் தாண்டியதும் வில்லை மெல்லக் கதவு திறக்கத் தொடங்கும். மின்னெழுச்சி வரும்போது முழுவதும் திறந்து, மிகையான மின்னோட்டத்தைக் கருவிக்குப் போகவிடாமல் பக்கவழியாகத் திருப்பிவிடும். எழுச்சி அடங்கியதும் மறுபடி சுவராகிவிடும்.

காவலரைப் படிப்படியாக நிறுத்துவது நல்ல முறை. இடிதாங்கி உள்ள கட்டடத்தில் மின்சாரம் நுழையும் இடத்தில் முதல் வகைக் காப்பான். சாதாரண வீட்டின் மெயின் சுவிட்சுப் பெட்டியில் இரண்டாம் வகை. கணினிக்குப் பக்கத்தில் மூன்றாம் வகை. வீட்டுக் கருவிகள் பொதுவாக 2,500 வோல்ட் வரையிலும் நுண்ணிய மின்னணுக் கருவிகள் 1,500 வோல்ட் வரையிலும் ஒரு கணம் தாங்க வேண்டும் என்று தரங்கள் சொல்கின்றன. அதற்குள் அழுத்தத்தை அடக்குவதே காவலரின் கடமை.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். காப்பானை வாங்கி, அதை மீட்டர் கணக்கில் நீண்ட கம்பியால் எர்த்தோடு இணைக்கிறார்கள். ஒரு மீட்டர் கம்பியில், நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குள் மின்னோட்டம் 1,000 ஆம்பியர் ஏறினால், அந்தக் கம்பியிலேயே ஏறக்குறைய 1,000 வோல்ட் பிறந்துவிடும். மின்னலின் வேகத்துக்குக் கம்பியும் ஒரு தடைதான். அதனால்தான் காப்பானின் இணைப்புக் கம்பிகள் மொத்தமாக அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். சுருட்டி மடித்து விட்ட கம்பி இன்னும் மோசம்.

கடையில் விற்கும் 'சர்ஜ் புரொடெக்டர்' எக்ஸ்டென்ஷன் பலகையின் கதை என்ன? அதுவும் மூன்றாம் வகைக் காவலர்தான், பயனுள்ளது. ஆனால் சுவர் பிளக்கில் எர்த் உண்மையாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய வீடுகளில் எர்த் துளை இருக்கும். பின்னால் கம்பி இருக்காது. தொலைபேசிக் கம்பியும் ஆண்டெனாக் கம்பியும் அந்தப் பலகையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு கருவிக்குள் நுழைந்தால், முன்வாசலில் காவலரை நிறுத்திப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான். மேலும் அந்த வில்லை ஒவ்வோர் அடியிலும் சிறிது தேயும். பலகையில் உள்ள காப்பு விளக்கு அணைந்துவிட்டால், பிளக்குகள் வேலை செய்தாலும் காவலர் இறந்துவிட்டார் என்று பொருள். மாற்ற வேண்டியதுதான்.

ஸ்டெபிலைசர் மின்னலைத் தடுக்காது. மெதுவாக ஏறி இறங்கும் அழுத்தத்தைச் சரி செய்வதே அதன் வேலை. யூபிஎஸ் மின்தடை நேரத்தில் கணினியை அணைக்க அவகாசம் தரும். அதற்கும் முன்னால் ஒரு காப்பான் தேவை. அதேபோல, நியூட்ரல் கம்பி அறுந்து அழுத்தம் பல நிமிடங்கள் உயர்ந்து நின்றால் மின்னெழுச்சிக் காப்பான் காப்பாற்றாது. அது நுண்நொடிகளுக்காகப் பிறந்தது, நிமிடங்களுக்காக அன்று.

ஈஎல்சிபி ஏன் விழுகிறது?

இப்போது அந்த வாடகை வீட்டுக்குத் திரும்புவோம். ஈஎல்சிபி ஒரு கணக்குப்பிள்ளை. வீட்டுக்குள் போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வேறுபாடு வந்தால், மின்சாரம் எங்கோ தரைக்குக் கசிகிறது. அது ஒரு மனித உடல் வழியாகவும் இருக்கலாம். உடனே துண்டித்துவிடும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளின்படி, கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர், சுடுநீர்க் கருவி போன்ற ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர், மற்றவற்றுக்கு 100 மில்லி ஆம்பியர் அளவுக்கு மேற்படாத காப்பு வேண்டும்.

மின்னெழுச்சி வரும்போது கம்பிகளிலிருந்தும் கருவிகளிலிருந்தும் ஒரு கணம் எர்த்துக்கு மின்னோட்டம் கசிகிறது. கணக்குப்பிள்ளை அதையும் கசிவு என்றே எண்ணித் துண்டிக்கிறார். அவர்மேல் குற்றமில்லை, கொடுத்த வேலையைத்தான் செய்தார்.

அவரை நீக்கினால் என்ன ஆகும்? நம் நாட்டில் பெரும்பாலான தரை வீடுகளுக்குச் சொந்தமாக ஓர் எர்த் கம்பி உண்டு. வாசலோரம் மண்ணில் அடித்திருப்பார்கள். அதன் தடை 10 ஓம் என்றும், மின்மாற்றி நிலையத்தின் எர்த் தடை 1 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒரு மின்கம்பி அறுந்து அதன் உலோக உடம்பைத் தொடுகிறது. 230 வோல்ட்டை 11 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 21 ஆம்பியர். மெயின் சுவிட்சுப் பெட்டியில் உள்ள 32 ஆம்பியர் எம்சிபி இதற்கு அசையவே அசையாது. இயந்திரத்தின் உடம்பு 200 வோல்ட்டுக்கும் மேல் நிற்கும். எர்த் கம்பி வழியாக வீட்டின் மற்ற உலோகக் கருவிகளுக்கும் அதே அழுத்தம் போகும், சுடுநீர்க் கருவி உட்பட. ஈஎல்சிபி இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் நின்றிருக்கும். இல்லாவிட்டால், ஈரக் கையோடு தொடுபவருக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

ஐஸ் பெட்டியிலுள்ள கோழியைக் காப்பாற்ற நினைத்து மனிதனைப் பணயம் வைக்கிறோம் என்பதே இதன் பொருள்.

சரியான தீர்வுகள் இருக்கின்றன. முதலாவது, வாசலோரத்து எர்த் இணைப்பு துருப்பிடித்துக் கழன்றிருக்கிறதா என்று பார்த்துத் தடையை அளக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, மின்னெழுச்சிக் காப்பானை ஈஎல்சிபிக்கு முன்னால், மின்சாரம் நுழையும் பக்கத்தில் பொருத்த வேண்டும். அப்போது எழுச்சியின் பெரும்பகுதி கணக்குப்பிள்ளையைத் தொடாமலே தரைக்குப் போய்விடும். அவ்வாறு பொருத்தும்போது உயிர்க்கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே வில்லையும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே தீப்பொறி இடைவெளியும் கொண்ட வகையையே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் வில்லை பழுதானால் எர்த்திலேயே மின்சாரம் ஏறிவிடும். மூன்றாவது, மின்னெழுச்சிக்கு எளிதில் விழாத, சிறிது தாமதித்துத் துண்டிக்கும் வகை ஈஎல்சிபியை மெயினில் வைத்து, பிளக்குகளுக்கும் சுடுநீர்க் கருவிக்கும் தனித்தனியாக நுண்ணிய காப்பு வைக்கலாம். நான்காவது, ஐஸ் பெட்டிக்குத் தனி ஈஎல்சிபி கொடுத்தால், மற்றொன்று விழும்போது இது விழாமல் இருக்க வாய்ப்புண்டு. இவை எல்லாமே எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலைகள். நாற்காலி போட்டு நாமே பெட்டியைத் திறப்பது கூடாது.

வாடகை வீட்டு மாணவர் செய்யக்கூடியவை

"இதெல்லாம் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, எங்களிடம் பணமில்லை" என்று தம்பி தங்கைகள் சொல்வது காதில் விழுகிறது. காசில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு.

வீட்டுக்குக் குடிபோகும் அன்றே ஈஎல்சிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதில் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். மின்சாரம் நின்றால் நல்லது. நிற்காவிட்டால் வாடகை முன்பணம் கொடுக்கும் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பிறகு மாதம் ஒருமுறை அழுத்துங்கள்.

மேகம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது. சுவிட்சின் உள்ளே உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான். மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்கு அது ஒரு தடையன்று. மின்கம்பியோடு ஆண்டெனாக் கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். தலைக்கு மேல் இடிக்கத் தொடங்கிய பிறகு பிளக்கைத் தொடாதீர்கள்; அப்போது கருவியைவிட நீங்கள் முக்கியம். மடிக்கணினியை மின்கலத்தில் ஓட்டுங்கள். இறுதியாண்டு ஆய்வேட்டை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கம்பியில் இணைக்கப்படாத ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும்.

மூன்று கால் பிளக்கின் எர்த் காலை ஒடித்துவிட்டு இரண்டு கால் துளையில் செருகும் வழக்கத்தை விடுங்கள். நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, ஐஸ் பெட்டியைக் காலி செய்து அணைத்துவிட்டு, மற்றவற்றின் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுப் போங்கள். தீபாவளிக் கோழியை அண்டை வீட்டுக்குக் கொடுத்தால் புண்ணியமும் உண்டு.

உங்கள் உடலையும் காத்துக்கொள்ளுங்கள். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திடலை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். மரத்தடியும் காற்பந்துத் திடலின் கம்பிக் கொட்டகையும் அடைக்கலம் ஆகா. இடிமழையின்போது குளிப்பதையும் தள்ளிப் போடுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு மலரைப் படித்து முடித்ததும், எழுந்து போய் உங்கள் வீட்டு மெயின் சுவிட்சுப் பெட்டியின் முன் நில்லுங்கள். கணினியில் வேலை ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். வீடு இருண்டால் நிம்மதியாக மூச்சுவிட்டுச் சுவிட்சை மறுபடி தூக்கிவிடலாம். இருளாவிட்டால், அன்றே ஒரு வயர்மேனை அழையுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் தொலைபேசியில் சொல்லி அழுத்தச் சொல்லுங்கள்.